பெரியப்பாவின் கறுப்புக் கிட்டார்: எந்த அசலுக்குத் திரும்புவது?

பாலக்கோட்டிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். பெரியப்பா 1980-களில் மெல்லிசைக் குழு ஒன்றில் வாசித்த எலெக்ட்ரிக் கிட்டார் பரணிலிருந்து இறங்கியிருக்கிறது. உடல் முழுக்கக் கறுப்பு பெயிண்ட். உரிந்த ஓரிடத்தில் அடியில் மஞ்சளும் பழுப்பும் தெரிகின்றன. கம்பிகள் உடலில் வந்து முடியும் பிரிட்ஜின் பக்கத்தில் இருந்த பிக்கப்பை, அதாவது கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருளை, எடுத்துவிட்டு, உளியால் குழி வெட்டி, அகலமான ஹம்பக்கர் என்ற இரட்டைச் சுருள் பிக்கப் ஒன்றை வைத்திருக்கிறார்கள். உடலின் முகப்பை மூடும் பிளாஸ்டிக் தகடான பிக்கார்டில் கூடுதலாக இரண்டு சுவிட்சுகள். கம்பியை முறுக்கும் ஆறு கீகளில் நான்கு ஒரு வகை, இரண்டு வேறு வகை. தலைப்பகுதியில் இருந்த பெயரை யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். பின்னால் கழுத்து சேரும் இடத்தில் மூன்று திருகு போட்ட தகடும் அதில் ஒரு எண்ணும் இருப்பதால், இது 1970-களின் ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்தான் என்று நண்பர் ஒருவர் சொல்லியிருக்கிறார். அசல் நிலைக்குக் கொண்டுவர என்ன செய்ய வேண்டும் என்பது உங்கள் கேள்வி. ஆனால் அந்த ஒரு வரிக்குள் மூன்று கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. இது உண்மையில் என்ன கிட்டார், இதை மாற்றத்தான் வேண்டுமா, மாற்றினால் பெரியப்பாவின் கை இதிலிருந்து போய்விடுமா. கடைசியை நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் அவர் ஒட்டிய சாமி படத்தைப் பிய்க்க மனம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே அது இருக்கிறது.

நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் வேலை பார்த்துக்கொண்டே கிட்டார் பழுதுபார்க்கக் கற்றவன். இருபது வருடங்களுக்கு மேலாக எலத்தகிரி, கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்துத் தேவாலயப் பாடகர் குழுக்களின் கிட்டார்களும், கலைந்துபோன மெல்லிசைக் குழுக்களின் கிட்டார்களும் என் மேசைக்கு வருகின்றன. பழைய கிட்டார்களை வாங்கி விற்கும் வியாபாரி அல்ல நான். ஆகவே வேலையைப் பற்றி உறுதியாகப் பேசுவேன். விலையைப் பற்றி அவ்வளவு உறுதியாகப் பேச மாட்டேன். உங்கள் படங்களை மட்டும் வைத்து எதை முடிவு செய்யலாம், எதை முடிவு செய்யக்கூடாது என்பதையும் ஆங்காங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்த மூன்று திருகு. ஃபெண்டர் நிறுவனம் 1954-இல் ஸ்ட்ராட்டோகாஸ்டரை வெளியிட்டபோது கழுத்தை நான்கு திருகுகளால் உடலோடு பிணைத்தது. 1971-இல் மூன்றாகக் குறைத்து, 1981 வரை அப்படியே செய்தது. ஆகவே நண்பர் சொன்னதில் பாதி சரி. மறுபாதி என்னவென்றால், அதே வருடங்களில் ஜப்பானியத் தொழிற்சாலைகள் அந்த மூன்று திருகையும், தலைப்பகுதியில் துருத்திக்கொண்டிருக்கும் தோட்டா வடிவ ட்ரஸ் ராட் (கழுத்துக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் இரும்புத் தண்டு) முனையையும் சேர்த்தே நகலெடுத்தன. தகட்டில் உள்ள எண்ணையும் நம்ப வேண்டாம். 1976-க்குப் பிறகு ஃபெண்டர் எண்ணைத் தலைப்பகுதிக்கே மாற்றிவிட்டது. அதற்கு முன்பும், தகடு என்பது திருகைக் கழற்றினால் கையோடு வருகிற பொருள்தான். தகட்டின் எண் தகட்டுக்குத்தான் சாட்சி.

நம்பத்தக்க சாட்சிகள் உள்ளே இருக்கின்றன. கம்பிகளைத் தளர்த்தி, பிக்கார்டின் திருகுகளைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் துரு பிடித்திருக்கும். முரண்டு பிடிக்கிற திருகின் தலையில் சால்டரிங் இரும்பின் முனையை அரை நிமிடம் வைத்துவிட்டுப் பிறகு திருப்பினால் மரம் விட்டுக்கொடுக்கும். பலத்தால் திருப்பினால் தலை உடைந்து திருகு உள்ளேயே தங்கிவிடும். வால்யூம் கண்ட்ரோல்களின் முதுகில் ஏழு இலக்க எண் இருக்கிறதா என்று பாருங்கள். 137 என்று தொடங்கினால் சி.டி.எஸ்., 304 என்று தொடங்கினால் ஸ்டாக்போல். இரண்டும் அமெரிக்கத் தயாரிப்பாளர்கள். அடுத்த இரண்டு இலக்கம் வருடம், கடைசி இரண்டு வாரம். 1377225 என்று இருந்தால், அந்த வால்யூம் கண்ட்ரோல் 1972-ஆம் ஆண்டின் 25-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. கிட்டார் அதற்கு முன்பு பிறந்திருக்க முடியாது என்பது மட்டுமே இதிலிருந்து கிடைக்கும் உறுதி. பின்னால் எவ்வளவு காலம் கழித்து வேண்டுமானாலும் பிறந்திருக்கலாம். ஃபெண்டர் 1966-இல் மொத்தமாக வாங்கிக் குவித்த வால்யூம் கண்ட்ரோல்களை அடுத்த சில வருடங்களுக்குப் பயன்படுத்தியது தெரிந்த கதை.

பிறகு ஒரு ஸ்கேலை எடுங்கள். அமெரிக்கர்கள் அங்குலத்தில் வேலை செய்தவர்கள், ஜப்பானியர்கள் மில்லிமீட்டரில். பிரிட்ஜைப் பிடித்திருக்கும் ஆறு திருகுகளில் முதலுக்கும் கடைசிக்கும் நடுப்புள்ளியிலிருந்து நடுப்புள்ளிவரை ஏறக்குறைய 56 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். 52, 54 என்று வந்தால் ஆசியத் தயாரிப்பு என்றே நினைத்துக்கொள்ளுங்கள். வால்யூம் கண்ட்ரோல் நுழையும் துளை 9.5 மில்லிமீட்டரா, எட்டுக்கும் குறைவா என்றும் பாருங்கள். தலைப்பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் ‘நட்’ என்ற பட்டையிலிருந்து, விரல்பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளான பிரெட்டுகளில் பன்னிரண்டாவது வரை 324 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று பொருந்தினால் எதுவும் நிரூபணமாகாது. எல்லாமும் பொருந்தினால் நம்பிக்கை வரலாம். ஒன்றிரண்டு தெளிவாகப் பொருந்தாவிட்டால் ஃபெண்டர் என்ற பேச்சை விட்டுவிடலாம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. உங்களுக்கு உறுத்துகிற அந்த உளிக் குழிதான் நல்ல சாட்சி. தொழிற்சாலையில் குடைந்த பள்ளங்களின் சுவரில் பெயிண்ட் ஏறியிருக்கும், மரம் தெரியாது. பெரியப்பா வெட்டிய இடத்தில் மரம் பச்சையாகத் தெரியும். அங்கே அடுக்கடுக்காகக் கோடு ஓடினால் பிளைவுட். மலிவான ஜப்பானிய நகல்கள் பலவற்றின் உடல் அப்படித்தான். ஒரே மரமாக, தடித்த ரேகைகளோடு இருந்தால் 70-களின் ஃபெண்டர் அதிகம் பயன்படுத்திய ஆஷ் மரமாக இருக்கலாம். ‘இருக்கலாம்’ என்றுதான் சொல்வேன். படத்தைப் பார்த்து மரத்தின் ஜாதியைச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை, நீங்களும் நம்பாதீர்கள்.

மீதமிருக்கும் இரண்டு பழைய பிக்கப்புகளையும் பாருங்கள். மல்டிமீட்டரில் 5.5-க்கும் 6.5 கிலோ ஓமுக்கும் இடையே காட்டினால் ஆரோக்கியம். அடிப்பகுதியில் ஆறு தனித்தனிக் காந்தக் குச்சிகள் தெரிந்தால் ஃபெண்டர் முறை. ஒரே பட்டைக் காந்தம் ஒட்டியிருந்தால் மலிவு முறை. மீட்டர் அசையவே இல்லை என்றால் பதறி, மோட்டார் காயில் கட்டும் கடைக்கு எடுத்துச் சென்றுவிடாதீர்கள். நம் பக்கத்தில் போர்வெல் மோட்டார் கட்டுகிறவர்கள் கெட்டிக்காரர்கள்தான், ஆனால் இது வேறு உலகம். 0.063 மில்லிமீட்டர் கம்பி, தலைமயிர்போல இருக்கும். அதில் எண்ணாயிரத்தை ஒட்டிய சுற்றுகள். என்னிடம் வந்த ஒரு பிக்கப்பில் ஒரு நல்ல மனிதர் தடித்த மோட்டார் கம்பியை இடம் கொண்டவரை சுற்றி அனுப்பியிருந்தார். காந்தமும் சட்டமும் பிழைத்தன, சத்தம் மட்டும் கொசு முனகுவதுபோல வந்தது. பெரும்பாலும் அறுந்திருப்பது காயிலின் நுனி, வெளி ஒயரோடு சேரும் உலோகக் கண்ணியில் பற்றவைத்த இடத்தில்தான். பூதக்கண்ணாடியும் பொறுமையும் இருந்தால் அதை மீட்டுவிடலாம்.

அந்த ஹம்பக்கரையும் குப்பையில் போட வேண்டாம். 1970-களில் அமெரிக்காவில் டிமார்சியோ போன்றவர்கள் மாற்றிப் பொருத்துவதற்கென்றே பிக்கப் செய்யத் தொடங்கினார்கள், இன்றைக்கு அவையே பழம்பொருளாகிவிட்டன. அதன் அடியைப் படமெடுத்து அனுப்புங்கள். இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்த காலத்தில், கையில் கிடைப்பது கொல்கத்தா கிட்டார்கள் மட்டுமே என்றிருந்த ஊரில், உங்கள் பெரியப்பா அதை எப்படியோ தேடிப் பிடித்திருக்கிறார். எதற்கு என்பது எனக்குப் புரிகிறது. ஸ்ட்ராட்டின் ஒற்றைச் சுருள் பிக்கப்புகள் மின்சார இரைச்சலை அப்படியே வாங்கித் தரும். கோயில் திருவிழாவில் ஜெனரேட்டர், டியூப்லைட் வரிசை, மைக் செட் எல்லாம் ஒரே வயரில் தொங்கும் மேடையில் ‘ஊம்’ என்ற சத்தம் பாட்டை விழுங்கிவிடும். ஹம்பக்கரில் இரண்டு சுருள்கள் எதிரெதிராக இருப்பதால் அந்த இரைச்சல் ஒன்றையொன்று அடித்துப் போய்விடுகிறது. அது அலங்காரத்துக்குச் செய்த மாற்றம் என்று எனக்குத் தோன்றவில்லை, பிழைப்புக்குச் செய்தது.

இங்கேதான் ‘அசல்’ என்ற சொல் என்னைத் தடுமாற வைக்கிறது. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் நான்கு ஜோடிக் கம்பிகளை விட்டு ஐந்து ஒற்றைக் கம்பிகள் கொண்ட எலெக்ட்ரிக் மாண்டலினில் கர்நாடக இசை வாசித்தார். அதைப் பழைய வடிவத்துக்கு மீட்க வேண்டும் என்று எவரும் சொல்ல மாட்டார்கள். பிங்க் ஃபிளாய்ட் ராக் குழுவின் கிட்டார் கலைஞர் டேவிட் கில்மோரின் கறுப்பு ஸ்ட்ராட்டும் உங்களுடையதைப் போல, நடுவில் மஞ்சளாகி ஓரத்தில் கருமையாகும் சன்பர்ஸ்ட் நிறத்தின் மேல் கறுப்பு அடித்ததுதான். கழுத்து, பிக்கப், சுவிட்ச் என்று அவர் மாற்றாதது குறைவு. வேறொரு பிரிட்ஜுக்காக உடலையே குடைந்து, பிறகு அதை அடைத்தார்கள். 2019-இல் ஏலத்தில் அது 39,75,000 டாலருக்குப் போனது. உங்கள் பெரியப்பாவின் கிட்டாருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது, அது வாசித்தவரின் புகழுக்குக் கிடைத்த விலை. சாதாரணச் சந்தையில் மறுபெயிண்ட் அடித்த பழைய கிட்டாரின் விலை பாதியாகிவிடும் என்பதுதான் வியாபாரிகளின் வாய்ப்பாடு; குழி வெட்டியிருந்தால் இன்னும் இறங்கும். உங்களுடையதில் அந்த இழப்பு நாற்பது வருடத்துக்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது. இப்போது புதிதாக சன்பர்ஸ்ட் அடித்தாலும் அது மறுபெயிண்ட்தான். போன விலை திரும்பாது.

ஆகவே என் யோசனை இது: திரும்ப எடுக்கக்கூடிய வேலையை மட்டும் செய்யுங்கள். குழியை மரம் வைத்து அடைக்க வேண்டிய அவசியமே இல்லை, பிக்கார்டு அதை மூடிவிடுகிறது. ஸ்ட்ராட்டில் இது ஒரு பெரிய வசதி. மூன்று ஒற்றைச் சுருள் பிக்கப்புகள் பொருத்திய புதிய பிக்கார்டு ஒன்றைத் தனியாகத் தயார் செய்துகொள்ளுங்கள். பழையதை ஹம்பக்கர், சுவிட்சுகள், சாமி படம் எல்லாவற்றோடும் அப்படியே கழற்றிப் பெட்டியில் வைத்துவிடலாம். மூன்று ஒயர்களைப் பற்றவைத்தால் பெரியப்பாவின் கிட்டார், மாற்றிப் பற்றவைத்தால் தொழிற்சாலையின் கிட்டார். கழற்றுவதற்கு முன் அந்தக் கூடுதல் சுவிட்சுகளின் ஒயர் போகும் வழியைப் படமெடுத்து, தாளிலும் வரைந்து வையுங்கள். ஒன்று ஹம்பக்கரின் ஒரு சுருளைத் துண்டிப்பதாக இருக்கும் என்பது என் ஊகம். இன்னொன்றைக் கையில் எடுத்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் சுவிட்ச் மூன்று நிலை உள்ளதா, ஐந்து நிலையா என்றும் எழுதுங்கள். 1977 வரை மூன்றுதான். அதற்கு முன்பு வாசித்தவர்கள் இரண்டு நிலைகளுக்கு நடுவே சுவிட்சை நிறுத்தி அந்த இடைப்பட்ட ஒலியை எடுத்தார்கள்.

குழியை அடைத்தே தீர வேண்டும் என்று ஒரு ஆசாரியிடம் கொண்டுபோனால், அவர் எடுப்பது தேக்காகத்தான் இருக்கும். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டும் முகத்தைத் தின்னரால் துடைத்த கையோடு பசை வைக்கச் சொல்லுங்கள், ரேகை உடலின் ரேகையோடு ஒரே திசையில் ஓடட்டும்.

கறுப்பு பெயிண்டைப் பற்றி என் சொந்தப் பாவக்கதை ஒன்று உண்டு. தொழிலுக்கு வந்த மூன்றாவது வருடம், ஒரு ஜப்பானியக் கிட்டாரை ‘புதுசு மாதிரி’ ஆக்கித் தரச் சொன்னார் ஒருவர். உப்புத்தாளைச் சுற்றிக்கொண்டு தேய்த்தேன். முக்கால்வாசி தேய்த்த பிறகுதான் கறுப்புக்கு அடியில் ஒரு கீறல்கூட இல்லாத செர்ரிச் சிவப்பு பத்திரமாக இருந்தது தெரிந்தது. அதையும் சேர்த்தே உரித்திருந்தேன். கழுத்து உட்காரும் குழியில் பென்சிலால் எழுதியிருந்த தொழிற்சாலைக் குறிகளும் போய்விட்டன. உரிமையாளர் மகிழ்ச்சியோடு பணம் கொடுத்தார். அவருக்கு என்ன போயிற்று என்பது அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

அதனால் உப்புத்தாளைத் தொடாதீர்கள். அந்தக் காலத்தில் உள்ளூரில் கறுப்பு அடித்தால் அது பெரும்பாலும் லாரிக்கும் காருக்கும் அடிக்கும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட், அடியில் கொஞ்சம் பட்டி. 1970-களின் ஃபெண்டரில் உடலுக்கு அடித்தது தடித்த பாலியெஸ்டர். தின்னர் முதலாவதைக் கரைக்கும், இரண்டாவதை எளிதில் தொடாது. பின்பக்கம் ஸ்பிரிங் இருக்கும் பள்ளத்தின் விளிம்பில், பஞ்சில் ஒரு சொட்டுத் தின்னர் வைத்து ஒற்றிப் பாருங்கள். பஞ்சு கறுப்பாகி, அடியில் மஞ்சள் பளபளப்பாக அப்படியே நின்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். பல நாள் பொறுமையில் பழைய சன்பர்ஸ்ட் வெளியே வரும். கறுப்போடு மஞ்சளும் பஞ்சில் வந்தால் உடனே நிறுத்துங்கள். தலைப்பகுதியில் மட்டும் தின்னர் கூடவே கூடாது. உடல் பாலியெஸ்டருக்கு மாறிய பிறகும் தலைப்பகுதியின் முகப்புக்கு ஃபெண்டர் பழைய நைட்ரோ வார்னிஷையே அடித்துவந்தது. கதவு ஜன்னலைத் திறந்துவைத்து, பிளாஸ்டிக் பாகங்களை எல்லாம் கழற்றிவிட்டு, அடுப்பும் சாம்பிராணியும் இல்லாத இடத்தில் செய்யுங்கள். தின்னர் ஆவி ஒரு பொறிக்குக் காத்திருக்கும். எனக்கென்னவோ அந்தக் கறுப்பு அப்படியே இருப்பதுதான் பிடிக்கிறது. முடிவு உங்கள் வீட்டாருடையது.

தேய்த்து அழித்த பெயரைக் கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கில் இருட்டறையில் பாருங்கள். பழைய வார்னிஷ் ஒருவிதமாக ஒளிரும், தொட்ட இடம் வேறாகத் தெரியும்; சில சமயம் எழுத்தின் நிழல் கிடைக்கும். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், இணையத்தில் விற்கிற ஃபெண்டர் ஸ்டிக்கரை வாங்கி ஒட்டாதீர்கள். உங்கள் கையில் இருக்கும்வரை அது ஆசை. உங்களுக்குப் பின் யாரோ ஒருவர் அதை விற்கும்போது மோசடி ஆகிவிடும். இந்த ஒரு வேலையை நான் எவருக்கும் செய்து கொடுப்பதில்லை.

கீகளுக்குத் துளையைப் பாருங்கள். 10 மில்லிமீட்டருக்குப் பெரிதாக்கியிருந்தாலும் பரவாயில்லை. வெளியே 10, உள்ளே 6.35 என்ற அளவில் குழல்கள் விற்கிறார்கள், பழைய பாணிக் கீகளை அவற்றில் பொருத்தலாம். கிடைக்காத உலோகப் பாகம் எதுவானாலும் ஓசூரில் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. மாதிரியைக் கொடுத்தால் பித்தளையில் கடைந்து தருவார்கள்.

செலவென்று வந்தால் பெரிய தொகை பிரெட்டுக்குத்தான் போகும், ஏனென்றால் அதில் போவது மணிக்கணக்கு. படத்தில் முதல் ஐந்து பிரெட்டுகளில் கம்பி பதிந்த பள்ளம் தெரிகிறது. பல வருடக் கோடை பரணில் கழிந்திருக்கிறது. மரம் காய்ந்து சுருங்கி, பிரெட் முனைகள் பக்கவாட்டில் துருத்திக் கையைக் கீறும். முனைகளை அரத்தால் சமன்செய்து, உயரத்தை ஒருமுறை மட்டப்படுத்தினால் போதுமா, எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா என்பது கையில் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். மாற்றுகிறவரிடம் ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள்: விரல்பலகையின் வளைவைத் தட்டையாக்க வேண்டாம். பழைய ஸ்ட்ராட்டில் அது 184 மில்லிமீட்டர் ஆரம். இன்றைய பழக்கத்தில் தட்டையாக்கிவிட்டால் போன மரம் வராது. பலகைக்குத் தேங்காய் எண்ணெய் பூசுகிற வழக்கம் நம் பக்கம் உண்டு, அது சிக்குப்பிடித்து நாறும். செய்யாதீர்கள்.

வேலை முடிந்து முதல் முறை வாசிப்பதற்கு முன், ஆம்பிளிஃபயரின் பிளக்கில் மூன்றாவது முள் இருக்கிறதா, சுவரில் எர்த் வேலை செய்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கிட்டார் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக எர்த்தோடு இணைக்கப்பட்டவை. எர்த் இல்லாத மேடையில் ஒரு கை கம்பியிலும் உதடு மைக்கிலும் பட்டு வாங்கிய அடி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

நேரில் கொண்டுவருவதானால் இராயக்கோட்டை வழியாக வரும் பஸ்ஸே போதும். கம்பிகளை இரண்டு சுற்றுத் தளர்த்துங்கள், முழுவதும் அவிழ்க்க வேண்டாம். டிரைவர் பக்கத்து இன்ஜின் மூடிமேல் வைக்க இடம் கொடுப்பார்கள், வேண்டாம் என்று சொல்லி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சூட்டில் பசையும் பெயிண்டும் இளகும். பரணில் அதே மூலையில் ஒரு டப்பா, ஒரு பழைய சாக்ஸ், ஒரு மாத்திரைப் பெட்டி ஏதாவது இருக்கிறதா என்று இன்னொரு முறை தேடுங்கள். கழற்றிய பிக்கப்பையும் அந்த நான்கோ இரண்டோ பழைய கீகளையும் அவர் எறிந்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.